பாதி பைத்தான், பாதி சி: எல்லைக்கோட்டை எங்கே போடுவது?

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைப் பழுது பார்க்கிறார்கள். தரையில் உடைந்துபோன ஆத்தங்குடிக் கற்களுக்குப் பதிலாக, கிடங்கில் கிடக்கும் கற்களில் நிறம் ஒத்துப்போவதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். மயிரிழை விரிசல் விட்ட கல்லை ஒதுக்கவும் வேண்டும். ஒவ்வொரு கல்லையும் கைபேசியில் படம் எடுத்து, பைத்தான் என்ற நிரல்மொழியில் தானே ஒரு நிரல் எழுதியிருக்கிறார். நிரல் சரியாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் ஒரு படத்துக்கு ஆறு நிமிஷம் எடுக்கிறது, கற்களோ நானூறு. கூடப் படித்த நண்பர், "பைத்தானெல்லாம் விளையாட்டுச் சாமான், முழுசையும் சி பிளஸ் பிளஸ்ஸில் திருப்பி எழுது" என்கிறாராம். எழுதலாமா என்பது கேள்வி.

வேண்டாம் தம்பி. நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நீங்கள் அனுப்பிய நிரலில் ஏறக்குறைய 900 வரிகள் இருக்கின்றன. கோப்புகளைத் திறப்பது, கல்லின் எண்ணைக் குறிப்பது, கிடங்குப் பட்டியலோடு ஒப்பிடுவது, கடைசியில் கொத்தனாருக்குத் தாளில் அச்சடித்துக் கொடுப்பது என்று முக்கால்வாசி வரிகள் இப்படித்தான் போகின்றன. இவற்றை சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதினால் வரிகள் மூன்று மடங்காகும், நேரமோ துளியும் மிச்சமாகாது. நேரத்தைத் தின்பது இரண்டே இரண்டு செயல்கூறுகள் (ஃபங்ஷன்கள்): படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் முப்பது நிறங்களோடு ஒப்பிடும் ஒன்று, விரிசலைப் புள்ளி புள்ளியாகத் தொடர்ந்து போகும் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து எழுபது வரிகூட வராது. நான் சொல்கிறேன் என்பதற்காக நம்ப வேண்டாம். பைத்தானோடு கூடவே வரும் சிப்ரொஃபைல் என்ற கருவியை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எந்தச் செயல்கூறில் எத்தனை நொடி போனது என்று பட்டியல் போட்டுக் காட்டிவிடும். அதைப் பார்க்காமல் வேகப்படுத்தக் கிளம்புவது, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்காமலே குறட்டைக் கையில் எடுக்கிற மாதிரி.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. ஆறு நிமிஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அந்த இரண்டு செயல்கூறுகளில் போகிறது என்று வைப்போம். அவற்றை மந்திரம் போட்டுச் சுழி நேரத்தில் முடித்தாலும், மிச்ச ஐந்து பங்கு, அதாவது 18 நொடி, அப்படியே நிற்கும். ஆக மொத்தத்தில் இருபது மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. அம்டால் விதி என்று 1967-லிருந்து சொல்லிவருவது இதைத்தான். உங்கள் விஷயத்தில் நானூறு கல்லுக்கு நாற்பது மணி நேரம், இரண்டு மணி நேரமாகிறது. தாராளமாகப் போதும்.

இனி, ஏன் மெதுவாக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம். காரணம் தெரிந்தால் மருந்து தானாகத் தெரியும்.

பைத்தான் வரிக்கு வரி மொழிபெயர்த்து ஓடும் மொழி என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது முழு உண்மை இல்லை. பைத்தானும் உங்கள் நிரலை முதலில் தொகுக்கத்தான் (கம்பைல்) செய்கிறது. ஆனால் இயந்திர மொழிக்கு அல்ல, பைட்கோடு என்ற ஓர் இடைமொழிக்கு. அந்த இடைமொழியைப் படித்துப் படித்து நடத்துவது ஒரு பெரிய சுழற்சி (லூப்). அந்தச் சுழற்சி எழுதப்பட்டிருப்பது சி மொழியில், அதாவது சி பிளஸ் பிளஸ்ஸின் முன்னோடியில். நாம் எல்லோரும் இறக்கிப் பயன்படுத்துகிற பைத்தானே ஒரு சி நிரல்தான். ஆகவே இரண்டு மொழிகளைக் கலக்கலாமா என்று தயங்க ஒன்றுமில்லை. பைத்தானை நிறுவிய அன்றே நீங்கள் கலந்துவிட்டீர்கள்.

இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால் சி மொழி இயந்திரத்துக்கு ஒரே கட்டளை கொடுத்துவிட்டுப் போய்விடும். பைத்தான் அப்படி இல்லை. இது எண்ணா, எழுத்துச் சரமா, பட்டியலா என்று பார்க்க வேண்டும். அந்த வகைக்குக் கூட்டல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கூட்டி வந்த விடைக்கு நினைவகத்தில் இடம் பிடிக்க வேண்டும். யார் யார் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை ஏற்றி இறக்க வேண்டும். ஒரு சின்ன முழு எண்ணுக்கே 28 பைட் ஆகும். சி-யில் ஒரு புள்ளியின் ஒரு நிற மதிப்புக்கு 1 பைட் போதும். −5 முதல் 256 வரையான எண்களைப் பைத்தான் முன்கூட்டியே செய்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும், ஆகவே படத்தின் 0–255 மதிப்புகளை எடுக்கும்போது செலவு குறைவு. ஆனால் நிற வித்தியாசத்தை வர்க்கப்படுத்திய நிமிஷமே அந்த அலமாரியைத் தாண்டிவிடுகிறோம். ஒவ்வொரு விடைக்கும் புதுப் பொருள் செய்ய வேண்டியதுதான்.

உங்கள் படம் 4000-க்கு 3000. மொத்தம் 1.2 கோடிப் புள்ளிகள். முப்பது நிறங்களோடு ஒப்பிட்டால் 36 கோடி ஒப்பீடு. ஒவ்வொன்றிலும் மூன்று கழித்தல், மூன்று பெருக்கல், இரண்டு கூட்டல். இதற்கு ஆறு நிமிஷம் எடுத்துக்கொண்டதே பைத்தானின் பெரிய மனசு.

மருந்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஊர்க் கதை ஒன்று.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, சின்ன வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழிலுக்கு, போனவர். மோல்மேனில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தார். முதலாளி இங்கே தேவகோட்டையில், ஏஜெண்டு அங்கே. யாருக்கு எவ்வளவு கடன், எந்த ஈட்டின் மேல், என்ன வட்டி என்பதையெல்லாம் ஏஜெண்டே முடிவு செய்வார். ஒவ்வொரு கடனுக்கும் தேவகோட்டைக்குக் கடிதம் எழுதி உத்தரவு கேட்டிருந்தால், கப்பல் தபால் போய்த் திரும்புவதற்குள் கடன் கேட்டவன் அறுவடையையே முடித்திருப்பான். முதலாளி கிளம்பும்போதே முதலையும் பொதுவான கட்டளைகளையும் மொத்தமாகக் கொடுத்து அனுப்புவார். ஏஜெண்டு தவணை முடிந்து வரும்போது ஐந்தொகையைக் கொண்டுவந்து வைப்பார். நடுவில் எவ்வளவு குறைவாகக் கடல் தாண்டுகிறதோ அவ்வளவு நல்லது.

பைத்தானுக்கும் சி-க்கும் நடுவிலும் இப்படி ஒரு கடல் இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கச் செயல்கூறை ஒரு தடவை அழைக்க ஏறக்குறைய ஒரு மைக்ரோ நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஆனால் ஒரு புள்ளிக்கும் ஒரு நிறத்துக்கும் உள்ள தூரத்தைச் சொல்லும் குட்டிச் செயல்கூறை மட்டும் சி-யில் எழுதி, சுழற்சியைப் பைத்தானிலேயே விட்டால், 36 கோடி தடவை கடல் தாண்டுகிறீர்கள். போய் வரவே 360 நொடி. அதே ஆறு நிமிஷம்! பலர் இந்த இடத்தில்தான், "சி-யில் எழுதியும் வேகம் வரவில்லையே" என்று அலுத்துப்போகிறார்கள். கூடவே சுழற்சியையும் கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டும். முழுப் படத்தையும் ஒரே தடவை கொடுங்கள், முழு விடையையும் ஒரே தடவை வாங்குங்கள். எந்த மொழி என்பதைவிடக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

சரி, உங்கள் முதல் செயல்கூறு. இதற்கு நீங்கள் சி எழுதவே தேவையில்லை. நம்பை போதும். 1995-இல் நியூமெரிக் என்ற பெயரில் ஆரம்பித்து 2006-இல் நம்பையாக வடிவெடுத்த தொகுப்பு அது. உள்ளே ஓடுவது தொகுக்கப்பட்ட சி. ஓர் அணி (வரிசையாக அடுக்கிய எண்கள்) முழுவதையும் ஒரே கட்டளையில் கழிக்கலாம், பெருக்கலாம். சுழற்சி கடலுக்கு அந்தப் பக்கம் நடக்கும்.

இங்கே மூன்று இடங்களில் கால் வழுக்கும். மூன்றிலும் நான் விழுந்து எழுந்தவன்.

படத்தின் புள்ளிகள் 8 பிட் எண்கள், 0 முதல் 255 வரைதான் தாங்கும். பைத்தானில் 10-லிருந்து 20-ஐக் கழித்தால் −10 வரும். நம்பையின் 8 பிட் அணியில் கழித்தால் 246 வரும், அதுவும் வாயைத் திறக்காமல். நான் முதன்முதலில் இப்படி ஒரு நிரல் எழுதியபோது கரும்பச்சைக் கல்லுக்கு ஜோடியாக ஏதோ மஞ்சள் கல்லைக் காட்டியது. ஒரு நாள் முழுக்க விளக்கு வெளிச்சத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கழிப்பதற்கு முன்னால் அணியைப் பெரிய எண் வகைக்கு மாற்றுங்கள். 16 பிட்டும் போதாது: 255-இன் வர்க்கம் 65,025, 16 பிட் தாங்குவது 32,767 வரைதான். 32 பிட்டுக்குப் போங்கள்.

இரண்டாவது, நம்பையைக் கற்ற உற்சாகத்தில் முப்பது நிறங்களையும் ஒரே கட்டளையில் போட்டுவிடத் தோன்றும். 1.2 கோடி புள்ளி, 30 நிறம், சிவப்பு பச்சை நீலம் என 3 தடம், தலைக்கு 4 பைட். பெருக்கிப் பாருங்கள்: 432 கோடி பைட். இடைக்கால அணி ஒன்றுக்கே நாலு ஜிபிக்கு மேல் ஆகிறது. உங்கள் எட்டு ஜிபி மடிக்கணினி மூச்சுத் திணறும். முப்பது நிறங்களுக்கான சுழற்சி பைத்தானிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நிறத்தை முழுப் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு படத்துக்கு முப்பது நாற்பது கடிதம் போவதில் ஒன்றும் கெட்டுவிடாது. கோடிக்கணக்கில் போவதுதான் தப்பு. இதை மட்டும் செய்தாலே இந்தப் பகுதி சில நொடிகளுக்குச் சுருங்கிவிடும்.

மூன்றாவது வழுக்கல் இன்னும் கொஞ்சம் நுணுக்கம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

விரிசல் தேடும் செயல்கூறுதான் உண்மையில் சுவாரசியமான பகுதி. ஆத்தங்குடிக் கல்லில் பூவின் ஓரக்கோடும் விரிசலும் படத்தில் ஒரே மாதிரி தெரியும். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து நிறக் குழம்பைக் கையால் ஊற்றிச் செய்வதால் அந்த ஓரக்கோடும் கல்லுக்குக் கல் கொஞ்சம் நெளியும். நீங்கள் எழுதியிருக்கும் விதி நல்ல விதி: இரண்டு பக்கமும் ஒரே நிறமென்றால் விரிசல், வேறு வேறு நிறமென்றால் பூ. ஆனால் அடுத்து எந்தப் புள்ளிக்குப் போவது என்பது இப்போது நிற்கும் புள்ளியில் கண்டதைப் பொறுத்தது. இதை மொத்த அணிக் கட்டளையாக மாற்ற முடியாது. முயன்றால் நாளைக்கு உங்களுக்கே புரியாத கோலம் ஒன்று வரும். படங்களை அலசும் ஓப்பன்சிவி தொகுப்பில் தொடர்ந்த புள்ளிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும் செயல்கூறு ஆயத்தமாக இருக்கிறது, ஆனால் உங்கள் இருபக்க நிற விதி அதற்குத் தெரியாது.

இங்கே வழி இரண்டு. முதலில் நம்பாவை முயன்று பாருங்கள் (நம்பை வேறு, நம்பா வேறு, பெயர் வைத்தவர்கள் தமிழர்களை நினைக்கவில்லை). செயல்கூறின் தலையில் ஒரு வரி சேர்த்தால், முதல் அழைப்பின்போது அதை இயந்திர மொழிக்குத் தொகுத்துவிடும். முதல் தடவை சில நொடி முனகும், அப்புறம் சி வேகத்துக்குப் பக்கத்தில் ஓடும். எண்களும் அணிகளும் மட்டும் உள்ள சுழற்சிக்கு இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை. சைத்தான் என்று இன்னொன்றும் உண்டு. பெயரைக் கேட்டு யாரும் விபூதி பூச வேண்டாம். பைத்தான் மாதிரியே எழுதி, மாறிகளுக்கு வகை குறித்தால் சி-யாக மாற்றிக் கொடுக்கும் நல்ல கருவிதான்.

ஆனால் உங்கள் நிரல் கிடங்கில் இருக்கும் பழைய கணினியில் ஓட வேண்டும், அங்கே நம்பா மாதிரிப் பெரிய தொகுப்புகளை ஏற்ற முடியாது என்றீர்கள். அப்படியானால் அந்த ஒரு செயல்கூறை மட்டும் சி-யில் எழுதி, பகிர்வு நூலகமாக (மற்ற நிரல்கள் அழைக்கக்கூடிய கோப்பாக) தொகுத்து, பைத்தானின் சிடைப்ஸ் வழியாக அழையுங்கள். சிடைப்ஸ் 2006 முதல் பைத்தானுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். சி பிளஸ் பிளஸ்ஸில்தான் எழுதுவேன் என்றால் பைபைண்ட் 11 என்ற இணைப்புக் கருவி இருக்கிறது. ரஸ்ட் மொழி பிடித்தவர்கள் பைஓ3 வழியாகப் போகிறார்கள். நாற்பது வரிக்கு இதெல்லாம் ரொம்ப அதிகம். சாதா சி போதும்.

சிடைப்ஸில் ஒரு குணம் உண்டு: அது உங்களை அப்படியே நம்பும். சி செயல்கூறு என்ன வகை விடை தருகிறது என்று நீங்கள் சொல்லாவிட்டால், முழு எண் என்று தானே எடுத்துக்கொள்ளும். விரிசலின் நீளத்தைப் பதின்ம எண்ணாகத் திருப்பி அனுப்பும் செயல்கூறு 37.5 என்று கொடுக்க, பைத்தான் பக்கம் ஏதோ பொருளற்ற எண் வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. உள்ளே போகும் வகைகளையும் வெளியே வரும் வகையையும் எழுதிவிட்டுத்தான் முதல் அழைப்பையே போட வேண்டும்.

இப்போது அந்த மூன்றாவது வழுக்கல். படத்தின் ஓரத்தை வெட்டி நடுப்பகுதியை மட்டும் சி-க்கு அனுப்புகிறீர்கள். நம்பை வெட்டும்போது நகல் எடுப்பதில்லை. பழைய படத்தின் மேலேயே ஒரு சன்னல் வைத்து, "ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு இத்தனை பைட் தாவு" என்று குறித்துக்கொள்கிறது. உங்கள் சி செயல்கூறுக்கு இந்தத் தாவல் தெரியாது. வரிகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன என்று நினைத்துப் படித்துக்கொண்டே போகும். படம் சாய்ந்துபோய், இல்லாத இடத்தில் விரிசல் காட்டும். அனுப்புவதற்கு முன்னால் தொடர்ச்சியான அணியாக ஒரு நகல் எடுக்கச் சொல்லிவிடுங்கள். அதற்கும் நம்பையில் ஒரே கட்டளைதான்.

நினைவக விஷயத்தில் பாகப் பிரிவினை தெளிவாக இருக்க வேண்டும்: யார் இடம் பிடித்தாரோ அவரே விட வேண்டும். விடை அணியைப் பைத்தான் பக்கமே முன்கூட்டிச் செய்து, சி-யை அதில் நிரப்ப மட்டும் சொல்லுங்கள். சி பக்கம் இடம் பிடித்துத் திருப்பி அனுப்பினால், யார் விடுவது என்ற சண்டை வந்தே தீரும். இன்னொன்று, சி பக்கம் அணியின் எல்லையைத் தாண்டி எழுதினால் பைத்தானின் பிழைபிடிப்பு எதுவும் காப்பாற்றாது. முழு நிரலும் சத்தமில்லாமல் சாகும். 399-ஆவது கல்லில் செத்தால் என்ன செய்வது? ஒவ்வொரு கல்லின் விடையையும் அவ்வப்போது கோப்பில் எழுதிவிடுங்கள்.

பழைய பைத்தான் செயல்கூறைத் தூக்கி எறிய வேண்டாம். அதுதான் உங்கள் உரைகல். பத்துப் படங்களை எடுத்து இரண்டிலும் ஓட்டி, விடை அச்சாக ஒன்றா என்று பாருங்கள். சி நூலகம் ஏறாத கணினியில் அதுவே மெதுவாக வேலையையும் முடித்துக் கொடுக்கும்.

இணையாக ஓட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பைத்தானில் ஒரு பெரிய பூட்டு உண்டு. ஒரு நேரத்தில் ஓர் இழைதான் (திரெட்) பைட்கோடை ஓட்டலாம். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் அந்தப் பூட்டு இல்லாத வடிவத்தைச் சோதனையாகக் கொடுத்தார்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை. சிடைப்ஸின் வழக்கமான அழைப்பு, சி-க்குள் போகும்போது பூட்டைத் திறந்துவிட்டுத்தான் போகிறது. ஆகவே நாலு படங்களை நாலு இழைகளில் கொடுத்தால் கணினிச் செயலியின் நாலு கருக்களும் உழைக்கும்.

நண்பர் வழியும் எல்லா இடத்திலும் தப்பு என்று சொல்ல மாட்டேன். சில அமைப்புகளில் தொகுக்கப்பட்ட மொழிதான் முதலாளி, பைத்தான் மாதிரியான குறிமொழி (ஸ்கிரிப்ட்) உள்ளே குடியிருக்கும். ஈமேக்ஸ் உரைத்திருத்தியின் கரு சி-யில். மேலே இருக்கும் பெரும்பகுதி லிஸ்ப் என்ற மொழியில். 1993-இல் பிரேசிலில் பிறந்த லுவா மொழி இதற்கென்றே செய்தது; பெரிய விளையாட்டுகளின் இயந்திரம் சி பிளஸ் பிளஸ்ஸில் இருக்க, ஆட்டத்தின் விதிகளை லுவாவில் எழுதுகிறார்கள். விநாடிக்கு அறுபது தடவை திரையை வரைந்தே ஆக வேண்டிய இடத்தில் கடிகாரம் சி பிளஸ் பிளஸ் கையில் இருப்பதுதான் நியாயம். உங்கள் கிடங்கில் கடிகாரம் மனிதர் கையில் இருக்கிறது. கல்லைத் தூக்கி, துடைத்து, படம் எடுக்கவே அரை நிமிஷம் ஆகிறதல்லவா?

இரண்டு மொழி வைப்பதன் உண்மையான செலவு நிரலை ஓட்டும்போது தெரியாது, ஒப்படைக்கும்போதுதான் தெரியும். லினக்ஸில் தொகுத்த நூலகம் விண்டோஸில் ஏறாது. 32 பிட் பைத்தானில் 64 பிட் நூலகம் ஏறாது. சி-யின் லாங் என்ற முழு எண் வகை 64 பிட் லினக்ஸில் 64 பிட், விண்டோஸில் 32 பிட். கல்லின் விலையையும் என்றாவது பைசாக் கணக்கில் அந்தப் பக்கம் அனுப்ப நினைத்தால் நினைவிருக்கட்டும்: 32 பிட்டில் 2,14,74,836 ரூபாய் 47 காசோடு பேரேடு நிரம்பிவிடும், அடுத்த காசில் கோடீஸ்வரர் கடனாளியாகிவிடுவார். அளவைப் பெயரிலேயே சொல்லும் வகைகள் சி-யில் உண்டு, அவற்றையே பயன்படுத்துங்கள். எந்தத் தொகுப்பியில் என்ன கட்டளை கொடுத்துத் தொகுத்தீர்கள் என்பதை நிரலோடு ஒரு சின்னக் கோப்பில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதைத் தேடப்போவது நீங்களேதான்.

இந்த வாரம் சிப்ரொஃபைலை ஓட்டுங்கள், நிறப் பகுதியை மட்டும் நம்பைக்கு மாற்றுங்கள். மொத்த நேரம் ஒரு நிமிஷத்துக்குக் கீழே வந்துவிட்டால் சி-யைத் தொடாமலே விட்டுவிடலாம். அப்படியே ஓடவிட்டால் நானூறு கல்லும் ராத்திரியோடு முடிந்துவிடும். வராவிட்டால் அந்தப் பட்டியலையும் விரிசல் செயல்கூறையும் அனுப்புங்கள், எந்த வரியில் கோடு போடுவது என்று பார்க்கிறேன். படத்தில் ஓர் ஓரமாக வெள்ளைத் தாள் ஒன்றையும் வைத்து எடுங்கள். முற்றத்து வெயில் காலையில் ஒரு நிறம், நாலு மணிக்கு ஒரு நிறம். அந்த வித்தியாசத்தை எந்த மொழியில் எழுதினாலும் நிரல் தானாகக் கண்டுபிடிக்காது.